டோக்கன் இல்லாத வண்டி

அந்த மிஷினில் மூன்று பொத்தான்கள்:
கார், இருசக்கரம், இதர.
"இதர" என்றால் என்னவென்று
தணிகாசலத்துக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
முதல் நாள் என் சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்தார்.
இதுக்கும் ரெண்டு சக்கரம்தானே என்றேன்.
"நம்பர் பிளேட் கேக்குதும்மா மிஷினு."

கடைசியில் ஜெனரேட்டருக்குப் பின்னால்
துடைப்பமும் வாளியும் வைக்கிற சந்தில் இடம் கொடுத்தார்.
ஏழு மாடிக் கட்டடத்தில்
கணக்கில் வராத ஒரே வண்டி என்னுடையது.

பெரம்பூரில் ஐந்து பத்துக்குக் கிளம்பினால்தான்
நுங்கம்பாக்கத்தில் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களுக்கு
ஆறு மணிக்கு ரத்தம் எடுக்க முடியும்.
அந்த நேரத்தில் ஊர் என்னுடையது என்று சொல்லமாட்டேன்.
தண்ணி லாரியுடையது.
ஓட்டேரி முனையில் ஒரு செவலை நாயுடையது.
ஆறு மாதம் என் கெண்டைக்காலைக் குறிவைத்துத் துரத்தி
ஒரு நாள் அதுவே சலித்துப்போய்
ஒற்றைக் கண்ணைத் திறந்து, மூடிக்கொண்டது.
லைசென்ஸ் கிடைத்தது மாதிரி இருந்தது எனக்கு.

மாலையில் திரும்பும்போது வேறு ஊர்.
புரசைவாக்கத்தில் மெட்ரோ தகரம்
சாலையைத் தின்று தின்று
ஒரு ஹேண்டில்பார் அகலத்தை மிச்சம் வைத்திருக்கிறது.
வெள்ளைக் காரில் ஒருவர் விடாமல் ஹாரன் அடிக்கிறார்.
நான் இறங்கி, தள்ளி, ஒரு பூக்காரியிடம் "கொஞ்சம்க்கா" சொல்லி,
மறுபடி ஏறி மிதிக்கிறேன்.
ஓட்டேரி வரைக்கும் அந்த ஹாரன் காதில் கேட்கிறது;
கார் வரவில்லை.

சுகம் என்று பொய் சொல்லமாட்டேன்.
மே மாதம் லேப் கழிப்பறையில்
முகம், கழுத்து, முழங்கை கழுவி
இரண்டாம் சுடிதாருக்குள் நுழைவேன்.
முதல் சுடிதாரின் வலது கால் எப்போதும்
செயின் கறுப்பு.
பஸ் தன் புகையை முழுசாக என்னிடம் கொடுத்துவிட்டுப் போகும்.
நான் யாருக்கும் கொடுக்க ஒன்றுமில்லை,
கொஞ்சம் மூச்சைத் தவிர.

"தவணைக்குத் தர்றாங்க, ஒரு ஸ்கூட்டி எடேன் செல்வி,"
நூர்ஜஹான் மாதம் ஒருமுறை கேட்பாள்.
அவள் தவணை பத்தொன்பது மிச்சம்.
பெட்ரோல், சர்வீஸ், முதுகுவலி பெல்ட் தனி.
நான் என் கையிலேயே ஊசி குத்தி
என் மூணு மாசச் சர்க்கரையை அவளிடம் காட்டினேன்.
"மிஷின் ரிப்பேரா?" என்றாள்.

கூவம் பாலத்தில் மட்டும்
எல்லோரும் கண்ணாடி ஏற்றுகிற இடத்தில்
எனக்கு ஏற்றக் கண்ணாடி இல்லை.
மூக்கைப் பிடித்தால் ஒரு கை போய்விடும்.
அதனால் நாற்றத்தோடு சேர்த்தே பார்த்திருக்கிறேன்,
தண்ணீருக்கு மேலே, அம்பு மாதிரி,
ஒரு நீல மீன்கொத்தியை. இரண்டு முறை.

தணிகாசலத்தின் ரிப்போர்ட் என் கை வழியாகத்தான் போனது.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
நடக்கச் சொன்னாராம் டாக்டர்.
"பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கினேதானே கீறேன்?"
நிற்பது நடப்பது ஆகாது என்று
எப்படிச் சொல்வது அவரிடம்?
நாற்காலி கேட்டும் கிடைக்காதவரிடம்?

இரட்டை டூட்டி முடிந்த ஒரு ராத்திரி
பூட்டைத் திறந்து ஹேண்டில்பாரை அவர் பக்கம் திருப்பினேன்.
"ஐய, யாராச்சும் பாத்தா?"
யாரும் இல்லை.
இரண்டாம் அடித்தளத்தில்
உறை போர்த்திய கார்கள் மட்டும்
ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன.

தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.
முதல் தூணில் கால் ஊன்றினார். இரண்டாவதிலும்.
ஒன்பதாவது தூணுக்கு அப்புறம் கண்ணுக்குத் தெரியவில்லை.
மணிச்சத்தம் மட்டும், அவசியமே இல்லாமல்,
இடமிருந்து, பிறகு வலமிருந்து,
பிறகு கான்கிரீட் முழுக்க.

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
பின் பிரேக் கொஞ்சம் லூஸ் என்று
சொல்ல மறந்துவிட்டேன்.